ஒரு மூலை நாற்று

வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிக்கு, தலத்தெருக் கல்யாண மண்டபம் ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில், வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு வெறும் டைல்ஸ் தரையில் நான் நாற்று நட்டேன். இடது கையில் இல்லாத நாற்றுக்கட்டு. வலது கையால் அதிலிருந்து நாலைந்து நாற்றைப் பிரித்துக் குனிந்து இல்லாத சேற்றில் ஊன்றி, ஓர் அடி முன்னால் வைத்து, மறுபடி குனிந்து ஊன்றினேன். முந்தின நாள் அங்கே யாருக்கோ வளைகாப்பு. சாம்பார் வாசனை இன்னும் போகவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த பத்துப் பேரும் கோயிலுக்குள் இருப்பதைப்போல வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள். எனக்கு அறுபத்தொரு வயது. முப்பத்துநாலு வருடம் அரசாங்க அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்படியும் ஒன்று என் தலையில் எழுதியிருந்திருக்கிறது.

“நல்லாருக்கு மாமா,” என்றாள் இனியா. “ஆனா நடிக்கிறீங்க. நடிக்க வேணாம். அத்தை எப்படிச் செய்வாங்களோ அப்படியே செய்ங்க, போதும்.”

அவள் அத்தை என்றது என் மனைவி மங்கையர்க்கரசியை. மங்கை போன ஆடியில் இறந்துபோனாள். இனியா எங்கள் தெருப் பெண்தான். என் மகள் தமிழ்மொழியோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பிறகு புதுச்சேரிக்குப் போய் நாட்டியம், நாடகம் என்று படித்து, அங்கேயே தங்கிவிட்டாள். கொரோனா காலத்தில் அவள் அப்பா இங்கே போய்ச் சேர்ந்தபோது அவளால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. அந்த வேதனையை அவள் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பாள்? நாலைந்து வருடம் தனக்குள்ளேயே போட்டுப் புரட்டிவிட்டு, இந்த வருடம் ஊருக்கு வந்து, வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்களாகப் பார்த்துப் பத்துப் பேரைச் சேர்த்தாள். நாட்டியமும் நாடகமும் கலந்த ஒன்று செய்யப் போகிறோம், நான் எதுவும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை, நீங்கள்தான் செய்யப்போகிறீர்கள் என்றாள். போனவர் உயிரோடிருந்தபோது கையால் செய்த வேலை எதுவோ அதை ஆளுக்கொன்றாகக் கொண்டுவர வேண்டும். அதையெல்லாம் சேர்த்துக் கட்டுவது அவள் பொறுப்பு.

என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தமிழ்மொழி. அவள் திருவாரூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் போனில், “அப்பா, நாளைக்குக் காலைல இனியா வருவா, கூடப் போங்க. இல்லன்னா நான் லீவு போட்டுட்டு வந்து உங்கள இழுத்துட்டுப் போவேன்,” என்றாள். ஒரு மாதம் நான் முகச்சவரம் செய்யாதது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. அம்மா போன பிறகு அவள் குரலிலும் அம்மாவின் அதட்டல் வந்துவிட்டது. மறுபேச்சு பேசாமல் போனேன்.

மண்டபத்தில் முகூர்த்தம் இல்லாத நாட்களில்தான் ஒத்திகை. பந்தி மேசைகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு, நடுவில் கிடைத்த இடத்தில் ஆளாளுக்கு ஒரு வேலை செய்தார்கள். நபீசா அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, தன் வீட்டுக்காரரின் சட்டையை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். ஒன்றுமே இல்லாத வேலை. ஆனால் காலரை அவர் கட்டைவிரலால் அழுத்தி நேராக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். காரைக்கால்மேட்டிலிருந்து முத்தையன் வந்தார். என்னைவிட நாலு வயது பெரியவர். தோள் இரண்டும் இன்னும் மரக்கட்டைதான். அவர் கொண்டுவந்த வேலை கயிறு இழுப்பது. கரையில் நின்று கரைவலையை இழுக்கும்போது முன்னால் அவர், அவருக்குப் பின்னால் அவர் தம்பி. கடல் ஊருக்குள் வந்த அன்று தம்பி கரையில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தானாம். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது.

“அவன் மொகம் மறந்துபோச்சு சார்,” என்றார் முத்தையன் ஒரு நாள், டீ குடித்துக்கொண்டே. “போட்டோவுல பாத்தா யாரோ மாரி இருக்கு. ஆனா கயிறு இழுக்கறப்ப அவன் மூச்சு என் பிடரில படும் பாருங்க, அது மறக்கல. இன்னும் எங்க நின்னாலும் முதுகுக்குப் பின்னால வெறிச்சுனு இருக்கு.”

சார் வேண்டாம், தெட்சிணாமூர்த்தி என்று பேரைச் சொல்லுங்கள் என்றேன். சரிங்க சார் என்றார்.

வேலையைக் காட்டுவதோடு விட்டிருந்தால் நானும் எப்படியாவது சமாளித்திருப்பேன். இனியா இன்னொன்றும் வைத்தாள். கடைசியில் ஒவ்வொருவரும் போனவரிடம் ஒரே ஒரு வாக்கியம் பேச வேண்டும். எழுதிக்கொடுக்க மாட்டாள், திருத்தவும் மாட்டாள். அவரவர் வாக்கியம் அவரவருக்கு. நபீசா அக்காவுக்கு முதல் நாளே வந்துவிட்டது. முத்தையனுக்கு இரண்டாம் வாரம் வந்தது. எனக்கு வரவில்லை. வராததற்குக் காரணம் எனக்குத் தெரியும். மங்கையிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய். அதைத் தள்ளி வைத்துவிட்டு அவளிடம் வேறு எதைப் பேசினாலும் அதுவும் பொய்யாகத்தான் இருக்கும்.

அந்தப் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். குரும்பகரத்தில் எங்களுக்கு ஒன்றே கால் ஏக்கர் நிலம். என் அப்பா வழிச் சொத்து. ஆனால் கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அதைப் பார்த்தவள் மங்கை. தலத்தெருவிலிருந்து காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டுப் போவாள். விதை விடுவது, ஆள் சொல்வது, நடவு, களை எல்லாம் அவள்தான். ஆள் குறைந்தால் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அவளே சேற்றில் இறங்கிவிடுவாள். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் குடையோடு போய் வரப்பில் நிற்பேன். செருப்பில் சேறு படாமல் திரும்பி வருவேன். திங்கட்கிழமை அலுவலகத்தில், “இந்த வாட்டி நமக்கு நல்ல வெளச்சல்,” என்பேன். உத்தியோகமும் பார்த்துக்கொண்டு விவசாயமும் பார்க்கிறாரே மனுசன் என்று மெச்சுவார்கள். முப்பது வருடம் அந்தப் பாராட்டை ஒரு கூச்சமும் இல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டேன். நன்றி என்ற சொல்லை மேடை போட்டு எத்தனையோ அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒரு நாளும் சொன்னதில்லை.

போன வருடம் ஆனியில் அவளைப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்திருந்தது. வியாதி கல்லீரலில் தொடங்கி எங்கெங்கோ பரவியிருந்தது. அவளுக்கு அங்கேயும் குறுவை நினைப்புதான். விதை விட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தாள். நாற்று முற்றிப் போகும், நடச் சொல்லுங்கள் என்று தினமும் சொல்வாள். நான் நடச் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது, எத்தனை ஆள் கேட்பது, ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஒருவரிடம் கேட்கவும் வாய் வரவில்லை. நாற்றங்காலிலேயே நாற்று மஞ்சளடித்து வீணானது. வயல் தரிசாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் அவள் கண்ணைத் திறந்து, “ஏங்க, நட்டாச்சா?” என்றாள். ஆச்சு என்றேன். “மூலையில நாத்து வச்சாங்களா?” என்றாள். அது என்ன சமாச்சாரம் என்றே எனக்குத் தெரியாது. ஏதோ சம்பிரதாயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “நாலு மூலையிலயும் வச்சாச்சு. நான் பக்கத்துல நின்னு வைக்கச் சொன்னேன்,” என்றேன். அவள் சிரித்தாள். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்துப் பல நாளாகியிருந்தது. நிம்மதியில் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். பதினோரு நாள் கழித்துப் போய்விட்டாள்.

இதுதான் நான் சுமந்துகொண்டு திரிந்தது. சாகப்போகிறவளை ஏமாற்றி அனுப்பியவன், அவள் வேலையை மேடையில் செய்து காட்டிக் கைதட்டல் வாங்கப்போகிறேன். ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

இந்த வருடக் குறுவைக்கு வயலை லோகாம்பாளிடம் ஒப்படைத்திருந்தேன். லோகாம்பாள் குரும்பகரத்தில் எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரி. நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்து வருவதும் அவள்தான். மங்கைக்குக் கை மாதிரி. என்னை அண்ணே என்பாள். மங்கையை அண்ணி என்பாள். நடவுக்கு நாள் குறித்ததும் இனியாவிடம் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். அவள் துள்ளிக்குதித்தாள். “மாமா, அன்னைக்கு எல்லாரும் வயலுக்கு வர்றோம். நீங்க உள்ள எறங்குங்க,” என்றாள்.

போர்வெல் தண்ணீர் பாய்ச்சி, பரம்படித்துச் சமன்படுத்தி, வயல் பளபளவென்று கிடந்தது. லோகாம்பாளும் ஒன்பது பெண்களும் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தார்கள். வரப்பில் இனியா, நபீசா அக்கா, முத்தையன், மற்றவர்கள். நான் முதல் முறையாக என் அப்பாவின் நிலத்தில் காலை வைத்தேன். சேறு கெண்டைக்கால் வரை இழுத்தது. லோகாம்பாள் ஒரு நாற்றுக்கட்டைக் கையில் கொடுத்தாள். நாலு வாரமாக டைல்ஸில் பழகியவன் அல்லவா, தைரியமாகக் குனிந்தேன். ஊன்றினேன், ஓர் அடி முன்னால் வைத்தேன், ஊன்றினேன், இன்னோர் அடி வைத்தேன்.

பெண்கள் பக்கம் சத்தம் நின்றுபோயிற்று. பிறகு யாரோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பத்துப் பேரும் ஒரே அடியாகச் சிரித்தார்கள்.

“அண்ணே, அண்ணே, நில்லுங்க!” லோகாம்பாள் சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “காலுக்குக் கீழ பாருங்க. நட்டத நீங்களே மிதிச்சிகிட்டுப் போறீங்க!”

பார்த்தேன். நான் நட்ட நாற்றெல்லாம் என் கால்தடத்துக்குள் அமுங்கிக் கிடந்தது.

“நடவுல பின்னாலதான் போவணும்ண்ணே. நட்டது கண்ணு முன்னால இருக்கும். போற எடம் முதுகுப் பக்கம். இத்தன வருசம் வரப்புல நின்னு என்னாத்தப் பாத்தீங்க?”

நியாயமான கேள்வி. என்னத்தைப் பார்த்தேன்? குடையைப் பார்த்திருப்பேன். வரப்பில் நின்ற என் நாடகக் கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு லோகாம்பாளுக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் கால் வைத்து வைத்து, கோணல்மாணலாக ஒரு வரிசை நட்டு முடித்தேன். முதுகு இரண்டாகப் பிளந்த மாதிரி வலித்தது. தலை தூக்கியபோது நான் நட்ட வரிசை எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது.

மத்தியானம் நடவு முடிந்தது. லோகாம்பாள் மிஞ்சிய நாற்றுக்கட்டுகள் ஏழெட்டை எடுத்துப்போய், வாய்க்காலிலிருந்து தண்ணீர் உள்ளே நுழைகிற மூலையில் சேற்றில் நெருக்கி நிறுத்தினாள். அது எதற்கு என்று கேட்டேன்.

“எதுக்கா? நட்டதுல அங்கங்க அழுகிப் போவும், நண்டு வெட்டும். பத்து நாளு கழிச்சுப் பாத்தா ஓட்ட ஓட்டயா கெடக்கும். அந்தந்த எடத்துல இதப் பிரிச்சு நடுறதுதான். எல்லாரும் இப்படி ஒரு மூலைல வச்சிருப்பம்.”

“ஒரு மூலையிலயா?”

“ஒரு மூலைலதான். தண்ணி வர்ற மூலைல. பின்ன எதுக்கு நாலு…” என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சேற்றை வழித்து வழித்துத் தண்ணீரில் அலசினாள். தேவைக்கு அதிகமான நேரம் அலசினாள்.

“லோகா, ஒனக்கு என்னமோ தெரியும். சொல்லு,” என்றேன்.

“இப்ப எதுக்குண்ணே அதெல்லாம்.”

“சொல்லு.”

அவள் வரப்பில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். மற்றவர்கள் மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அண்ணி ஆசுபத்திரிலேர்ந்து எனக்குப் போன் பண்ணினாங்க. நர்சு போன வாங்கிப் பேசுறேன்னாங்க. லோகா, வயலு தரிசாத்தானே கெடக்குன்னு கேட்டாங்க. சாவக் கெடக்குறவங்ககிட்ட நான் என்னாத்த மறைக்கிறது? ஆமா அண்ணின்னேன். ஒடனே சிரிக்கிறாங்க. ஒங்கண்ணன் நாலு மூலையிலயும் நாத்து வச்சிருக்காராம்டி, அப்படின்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாங்க. அப்புறம் இருமல் வந்துட்டுது.”

லோகாம்பாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அவரு எப்பனாச்சும் வந்து கேட்டா எனக்குத் தெரியும்னு காட்டிக்காதன்னாங்க. மூணு வாரமா இந்த ஸ்டூல்லயே ஒக்காந்துருக்காரு, ராவுல அதுலயே தூங்குறாரு, ஒரு பொய்யிகூட ஒழுங்கா சொல்லத் தெரியாத மனுசன், எனக்காவ ஒண்ணு சொல்லிருக்காரு. அத எதுக்குடி நான் கெடுக்கணும்னாங்க. நானும் சரின்னுட்டேன். இன்னைக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. இப்ப நீங்களாதான் கேட்டீங்க.”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினோரு மாதம் இவள் இதை வைத்துக்கொண்டு, நேரில் பார்க்கும்போதெல்லாம் சௌக்கியமா அண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் வெட்கம். அப்புறம் அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தது, ஆஸ்பத்திரித் தலையணையில் மங்கை சிரித்த சிரிப்பு. நிம்மதியில் சிரித்தாள் என்று நினைத்தேனே, இல்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய் வேட்டியோடு தொட்டியில் விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு. உடம்பில் அவ்வளவு வலியை வைத்துக்கொண்டு அவள் சந்தோஷமாகச் சிரித்திருக்கிறாள். அதற்குக் காரணம் நான். வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சொல்வதில் என்ன வெட்கம். மரத்தடியிலிருந்து முத்தையன் எழுந்து பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“தேங்க்ஸ் லோகா,” என்றேன் கடைசியில். அந்த வார்த்தை அவளுக்குப் பழக்கமில்லை. “அட, போங்கண்ணே,” என்று எழுந்துபோய்விட்டாள்.

அடுத்த ஒத்திகையில் சண்டை. இனியா ஏற்கெனவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். மேற்கேயிருந்து வயல்காரர்கள், கிழக்கேயிருந்து கடல்காரர்கள், இருவரும் எதிரெதிரே முகம் பார்த்து முன்னேறி வந்து நடுவில் சந்திக்க வேண்டும். அதுதான் அவளுடைய முடிவு. நான் முன்னால் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“மாமா, இது மேடை. வயல் இல்ல,” என்றாள்.

“மேடைன்னாலும் நட்டத மிதிக்கமாட்டேன்.”

முத்தையன் குறுக்கே புகுந்தார். “நானே கேக்கணும்னு இருந்தேன் பாப்பா. நீ சொன்னியேன்னு நாலு வாரமா கயித்த இழுத்துகிட்டே முன்னால வர்றேன். எந்த ஊருல அப்படி இழுப்பாங்க? கடலப் பாத்துகிட்டுப் பின்னாலதான் போவம். சார் சொல்லலன்னா நானும் சொல்லிருக்கமாட்டேன்.”

இனியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாள். நபீசா அக்கா மட்டும் சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். “அப்ப ரெண்டு பேரும் பின்னாலதான் வரணும். ஒருத்தர ஒருத்தர் பாக்கவே முடியாது,” என்றாள் இனியா தனக்குள் சொல்வதைப்போல. அவள் எழுந்தபோது முகம் மாறியிருந்தது. பழைய கணக்கையெல்லாம் அழித்துவிட்டாள். நாங்கள் மேற்கு முனையில் ஊரைப் பார்த்து நின்று பின்னால் வருவோம். அவர்கள் கிழக்கு முனையில் கடலைப் பார்த்து நின்று பின்னால் வருவார்கள். இரண்டு முதுகுக்கும் நடுவில் நாலடி இருக்கும்போது பறைச் சத்தம் நிற்கும். நின்றதும் நாங்களும் நிற்க வேண்டும். திரும்பிச் சனங்களைப் பார்த்து அவரவர் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். முதுகும் முதுகும் தொடக்கூடாது, அந்த நாலடிதான் முக்கியம் என்றாள். எங்கள் சொல்லை ஒரு பெரிய படிப்புப் படித்த பெண் கேட்டுக்கொண்டதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் முப்பத்துநாலு வருட உத்தியோகத்தில் எந்த மேலதிகாரியும் ஒரு தீர்மானத்தை அப்படி அழித்து எழுதியதில்லை.

ஆனி கடைசி ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி. காரைக்கால்மேட்டில் மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பக்கத்தில் மணலைச் சமன்படுத்திச் சதுரமாகக் கயிறு கட்டியிருந்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார்கள். முன்னூறு பேருக்குக் குறையாது. குரும்பகரத்திலிருந்து லோகாம்பாளும் நடவுப் பெண்களும் ஒரு வேனில் வந்திறங்கினார்கள். தமிழ்மொழி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மணலில் நாற்றை நட்டு வீணாக்குவதா என்று லோகாம்பாளுக்கு மனசே இல்லை. மூலையிலிருந்த கட்டுகளில் இரண்டை மட்டும், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தாள். எனக்காக ஒரு பட்டை மணலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஈரமாக்கியிருந்தது.

பறை தொடங்கியது. ஆள் அடிக்கவில்லை, ஒலிபெருக்கியில்தான். ஒவ்வொருவராக எழுந்து தங்கள் வேலையைச் செய்தார்கள். நபீசா அக்கா ஓரத்தில் சட்டை மடித்தார். பிறகு நான் மேற்கு முனையில் குனிந்தேன். ஊன்றி, பின்னால் ஓர் அடி. ஊன்றி, பின்னால் ஓர் அடி. உப்புக் காற்றில் நாற்று சாய்ந்தது, ஆனாலும் நின்றது. என் கண்ணுக்கு முன்னால் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. அதற்கு அப்பால் சனங்கள், அதற்கும் அப்பால் தென்னைகள், அந்தத் திசையில் எங்கோ குரும்பகரம். மங்கை இப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைத்தேன். முப்பது வருடம் அவள் கண்ணில் பட்டது இதுதான். வரப்பில் குடையோடு ஒருவன் நின்றிருப்பான், அவனும் அந்தக் காட்சியில் இருந்திருப்பான். அவனை அவள் அங்கே நிற்க விட்டிருக்கிறாள். எனக்கு அவள்மேல் தாங்க முடியாத நன்றி வந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை. கையில் வேலை இருந்ததால் நின்றுவிடாமல் இருந்தேன்.

பறைச் சத்தம் சட்டென்று அறுந்தது. நாலடி வருவதற்கு வெகுமுன்பே. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஓர் ஆடு ஒயரை இழுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். இனியா ஓரத்திலிருந்து கையைக் கையை ஆட்டியிருக்கிறாள். நிற்கச் சொன்னாளா, போகச் சொன்னாளா, நாங்கள் இருவருமே பார்க்கவில்லை. இது நடுவில் நிற்கும் சத்தம் இல்லை, வரிசை முடியவில்லையே என்று நான் நட்டுக்கொண்டே வந்தேன். வலை இன்னும் கரை சேரவில்லையே என்று முத்தையன் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறார். பறை இல்லாமல் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு தூரம் வந்தேன் என்று தெரியவில்லை. கடைசி நாற்றை ஊன்றி நிமிர்ந்து பின்னால் கால் வைத்தபோது, என் முதுகு இன்னொரு முதுகில் இடித்தது.

வேர்வையில் நனைந்து சுடச்சுட இருந்தது அந்த முதுகு. நான் விலகியிருக்க வேண்டும். ஆனால் அது விலகவில்லை. முத்தையன் இன்னும் கயிற்றைப் பிடித்தபடி கடலைப் பார்த்து நின்றார். அவர் மூச்சு வாங்குவது என் முதுகெலும்பில் தெரிந்தது. என் மூச்சும் அவருக்குத் தெரிந்திருக்கும். மெல்ல, ஒரு கனத்தை இறக்குவதைப்போல, அவர் தன் பாரத்தை என்மேல் சாய்த்தார். நான் காலை ஊன்றி நின்றுகொண்டேன்.

“வந்துட்டியா,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. அது எனக்கானது இல்லை. ஆனாலும் ம் என்றேன். பிறகு அவர் சத்தமாக, கடலைப் பார்த்து, தன் வாக்கியத்தைச் சொன்னார். “தம்பி, கயித்த விட்டுறாத.”

அடுத்து என் முறை. இத்தனை நாளாகத் தேடிய வாக்கியம். கையில் நடாத நாற்றுக்கட்டு ஒன்று மீதி இருந்தது. சனங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது மறந்துபோய்விட்டது. நட்ட வரிசை ஓரமாக நடந்து, ஒரு நாற்றையும் மிதிக்காமல், கயிறு கட்டிய சதுரத்தின் மூலைக்குப் போனேன். தண்ணீர்க் குடம் இருந்த மூலை. அங்கே குனிந்து கட்டைப் பிரிக்காமல் மணலில் ஊன்றி நிறுத்தினேன்.

“மங்கை, ஒரு மூலையிலதான் வச்சிருக்கேன்,” என்றேன்.

முன்னூறு பேரில் அது யாருக்குப் புரிந்திருக்கும்? நாற்காலிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ்மொழிகூடப் புரியாமல் விழித்தாள். அவளுக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டும். ஆனால் பின்வரிசையில் லோகாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி நின்றாள்.

கூட்டம் கலைந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிய பிறகும் நான் அந்த மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். இனியா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலடி போய்விட்டதே என்றேன். போகட்டும் மாமா என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. லோகாம்பாள் வேனுக்குள்ளிருந்து சத்தம் போட்டாள். “அண்ணே, அந்தக் கட்ட விட்டுட்டு வந்துறாதீங்க. வயல்ல தண்ணி நொழையிற வாய்மடைக்குக் கிட்ட நாலு எடத்துல அழுகிப் போயிருக்கு, நாளைக்கு நடணும்.”

முத்தையன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நாற்றுக்கட்டைக் குனிந்து பார்த்தார். உப்புக் காற்றில் நுனி லேசாகச் சுருண்டிருந்தது. “தெட்சிணாமூர்த்தி, இதுக்குத் தண்ணி வேணாமா?” என்று கேட்டுக்கொண்டே குடத்தைச் சாய்த்தார். அடியில் மிச்சமிருந்த தண்ணீர் வேரைச் சுற்றி மணலில் குழி பறித்து, ஒரு நிமிடம் தேங்கி நின்று, உள்ளே இறங்கியது.